மாமா அரைகுறையாகச் செய்த ஒரே வேலை

எங்கள் வீட்டில் மாமா திறந்த பெட்டி எதுவும் லேசில் மூடப்பட்டதில்லை. ரேடியோ, ஃபேன், மணிக்கூடு, உம்மாவின் தையல் மெசின் என்று எதைக் கொடுத்தாலும் முதலில் அதைக் கழற்றுவார். கழற்றிய திருகாணிகளை ஒரு தேத்தண்ணிப் பீரிசில் போட்டு, பீரிசை மேசையின் மூலைக்குத் தள்ளிவிட்டு, கதிரையில் சாய்ந்து அந்தச் சாமானையே பார்த்துக்கொண்டிருப்பார். மாப்பிள்ளை பார்க்கப் போகிறவர்கள்கூட அப்படி உற்றுப் பார்க்க மாட்டார்கள். கொண்டுவந்த ஆள் வாசலில் நின்று, "காக்கா, வயர் ஒண்டுதான் உட்டிரிக்கி, சும்மா ஒட்டித் தாங்களேன்" என்று அண்ணனிடம் கெஞ்சுவதுபோலக் கெஞ்சுவார். மாமா நிமிரவே மாட்டார்.

"கை வெச்சா முழுசா வைக்கணும். இல்லாட்டி கை வைக்கப்படாது."

இதை அவர் கோபமாகச் சொல்லிக் கேட்டதில்லை. மழை வரும்போலிருக்கு என்று சொல்வதுபோலச் சொல்வார். கேட்டவர்களுக்குத்தான் கோபம் வரும். உம்மாவின் தையல் மெசின் ஒரு ரமழான் மாதம் முழுக்கத் துண்டு துண்டாகக் கிடந்தது. பெருநாள் சட்டைக்கு நான் அயல் வீட்டு மெசினுக்கு நடந்தேன். திரும்பப் பொருத்திய பிறகு அது கடிக்கவுமில்லை, நூல் அறுக்கவுமில்லை, உம்மா கண் மூடும்வரை ஓடியது. ஆனால் அந்த மாதம் நான் மாமாவோடு கதைக்கவேயில்லை. எனக்கு அப்போது பதினேழு வயது. வாய் கொஞ்சம் நீளம் என்று வீட்டில் பெயர் வாங்கியிருந்தேன்.

அவர் உம்மாவின் ஒரே தம்பி. கல்முனையில் எங்கள் வீட்டு முன் விறாந்தையில் ஒரு மேசை, ஒரு கதிரை, சுவரோரம் சுருட்டி வைத்த ஒரு பாய், அவ்வளவுதான் அவருக்கு. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். உம்மாவுக்கு அவள் வாப்பா, எங்கள் மூத்தாப்பா, கட்டிக் கொடுத்த வீடு அது. எனக்குக் கல்யாணமானால் எனக்கு எழுதுவார்கள், வருகிற மாப்பிள்ளை அதில் வந்து இருப்பான். ஆண்பிள்ளைகள் பெண்ணெடுத்த வீட்டில் போய் இருக்க வேண்டியதுதான். அந்த இருப்புக் குலைந்துபோனால் கூடப்பிறந்த ராத்தாவின் விறாந்தைக்குத் திரும்பி வர வேண்டும். மாமா சாய்ந்தமருதில் கல்யாணம் முடித்து, ஒரு மகனும் பிறந்து, அப்படித்தான் திரும்பி வந்தார். கையில் ஒரு உடுப்புப் பையும் ஈயம் பற்றவைக்கிற அயனும் இருந்தன. மகன் தாயோடு அங்கேயே நின்றுவிட்டான்.

என்ன சண்டை என்று ஊரில் பலரும் பலதும் சொன்னார்கள். எனக்குத் தெரிந்த வரையில் ஒவ்வொரு சண்டையும் ஏதோ ஒரு திறந்த பெட்டிக்குப் பக்கத்தில்தான் தொடங்கியது. ஒரு ஹஜ்ஜுப் பெருநாளைக்கு முதல் நாள் மாமனாரின் தண்ணீர் மோட்டாரில் ஒரு சின்னச் சத்தம் கேட்கிறதென்று மாமா அதைக் கழற்றினார். பெருநாள் காலையில் குமரிலிருந்து கிழவி வரை வீடு முழுக்க வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவுக் கிணற்றுக்குப் போனது. மாமனார் நெல் வியாபாரி, சம்மாந்துறையில் வயலும் உண்டு. காலையில் சொன்ன வேலை மத்தியானத்துக்குள் முடிய வேண்டும் அவருக்கு. இரண்டு பேருமே நல்ல மனிதர்கள்தான். ஒரே வீட்டில் இருக்கக் கூடாத நல்ல மனிதர்கள். மாமி தன் வாப்பாவுக்குப் பயந்தவள். தலாக் முடிந்த பிறகு, வெள்ளிக்கிழமைகளில் மகனை மாமாவிடம் அனுப்புவது என்று பள்ளிவாசலில் வைத்துப் பேசினார்கள். மகன் இரண்டு வெள்ளி வந்தான். அடுத்த வெள்ளி அவனுக்குக் காய்ச்சல் என்றார்கள், அதற்கடுத்த வெள்ளி ஓதப் போயிருக்கிறான் என்றார்கள், பிறகு ஒன்றுமே சொல்லவில்லை.

மாமா ஒருநாள் பொறுக்க முடியாமல் பள்ளிக்கூட வாசலில் போய் நின்று மகனைப் பார்த்துவிட்டு வந்தார். அதற்கு மாமனாரிடம் ஏச்சு வாங்கியது மகன். "நீ சொல்லித்தானே வந்தான்?" என்று பிள்ளைக்கு அடியும் விழுந்ததாம். அந்தச் செய்தி வந்த பின்னேரம் மாமா சாப்பிடவில்லை. அதற்குப் பிறகு பள்ளிக்கூடப் பக்கம் போகவுமில்லை. மகனைப் பார்க்க வேண்டும், ஆனால் தான் பார்க்கப் போனதால் மகனுக்கு ஒரு சொல்கூட விழக் கூடாது. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் எங்கள் விறாந்தையில் இருந்தார்.

அந்தக் காலத்தில்தான் ஊருக்கு டீவீ கேம் வந்தது. சவூதியிலிருந்தும் கட்டாரிலிருந்தும் லீவில் வருகிறவர்கள் பால்மாவுக்கும் போர்வைக்கும் நடுவில் சுற்றிக்கொண்டு வந்தார்கள். வெள்ளையும் சிவப்புமாக ஒரு பிளாஸ்டிக் பெட்டி. அதன் முதுகில் ஒரு வாய். உள்ளங்கை அளவு மஞ்சள் கெசட்டை அந்த வாயில் அழுத்தினால் டீவீயில் மீசைக்கார மனிதர்கள் பாய்வார்கள், டாங்கிகள் சுடும். வெளியே சந்தியில் ஆமிக்காரர்கள் உண்மையான துவக்கோடு நின்று, வருகிறவர்களின் பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே பிள்ளைகள் டாங்கி விட்டுக்கொண்டிருந்தார்கள்.

கேம் வந்து மூன்று நான்கு மாதத்தில் ஊரே பெட்டிக்கு வந்த ஒரு வருத்தத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கியது. கெசட்டைப் போட்டால் படம் வருவதில்லை. கோடு கோடாக வரும், அல்லது விட்டு விட்டு மின்னும். பெட்டியின் வாய்க்குள் இரண்டு வரிசையில் பித்தளைப் பற்கள் இருக்கும். கெசட்டின் விளிம்பை அந்தப் பற்கள் இரண்டு பக்கமும் கவ்விப் பிடித்தால்தான் படம். போட்டுப் போட்டு எடுக்க எடுக்கப் பற்கள் தேயும், தளர்ந்து பின்னுக்குச் சாயும். எங்கள் ஊர்க் கடற்காற்று வேறு உப்பைக் கொண்டுவந்து அதன்மேல் பூசிவிடும்.

பிள்ளைகள் தாங்களே வைத்தியம் கண்டுபிடித்தார்கள். கெசட்டை இழுத்தெடுத்து, பிஸ்மி சொல்லி, வாயில் வைத்து 'பூ' என்று ஊதிவிட்டுப் போடுவார்கள். படம் வந்துவிட்டால் பிஸ்மியின் பரக்கத், வராவிட்டால் ஊதினவன் கை முகம் கழுவி ஒளு எடுக்காமல் ஊதிவிட்டான். பின்தெரு மாமி ஒருத்தி, பேரன் அழுகிறானே என்று கெசட்டைப் பள்ளிவாசல் லெப்பையிடமே கொண்டுபோய் ஓதி ஊதிக்கொண்டு வந்தாள். அன்றைக்குப் படமும் வந்தது. தெரு முழுக்க லெப்பையின் பெயர் அடிபட்டது. கிழமை திரும்புவதற்குள் பித்தளையெல்லாம் பச்சை பூத்து, அந்த மாமி பெட்டியோடு எங்கள் விறாந்தைக்கு வந்து நின்றாள்.

மாமா கெசட்டை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"மாமி, ஓதினது நல்லம். ஓதிட்டுத் தண்ணியில ஊதிக் குடுத்திருந்தா பேரன் குடிச்சிரிப்பான். இதுல ஊதினா எச்சில் பட்டு உப்புக் கட்டும்."

"அப்ப லெப்பைட ஓதல் பிழையெண்டா சொல்றாய்?"

"ஓதல் சரி மாமி. ஈரந்தான் பிழை."

மாமி யோசித்துப் பார்த்துவிட்டு, அப்படியென்றால் சரி என்று பெட்டியை வைத்துவிட்டுப் போனாள். ரேடியோக் கடைகளில் இந்தப் பெட்டியைத் தொட மாட்டோம் என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த நேரம் அது. கொஞ்சக் காலத்தில் கல்முனைக்குடியிலிருந்தும் மருதமுனையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பாண்டிருப்பிலிருந்து ஒரு பள்ளிக்கூட மாஸ்டர் மகளின் கேமைத் துணிப்பையில் மறைத்துக் கொண்டுவருவார். பிள்ளை படிக்காமல் விளையாடுகிறாள் என்று ஊர் சொல்லுமாம்.

மாமா வேலை செய்வதைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். பெட்டியின் வாயை ஈயம் உருக்கி சர்க்கிட் பலகையிலிருந்து முழுதாகக் கழற்றுவார். ஸ்பிரிட்டில் நனைத்த பல்துலக்கும் பிரஷால் பற்களைத் தேய்த்து, வெள்ளைத் துணியில் கவிழ்த்து ஒரு பகல் காயவிடுவார். மறுநாள் உம்மாவின் தையல் ஊசியால் ஒவ்வொரு பல்லாக நெம்பி முன்னுக்குக் கொண்டுவருவார். கூட நெம்பினால் கெசட்டைக் கடித்துவிடும், குறைய நெம்பினால் தொடாது. ஒரு மெல்லிய கடதாசித் துண்டைப் பற்களுக்கு நடுவில் விட்டு இழுத்துப் பார்ப்பார். எந்தப் பல்லில் கடதாசி சும்மா வழுக்குகிறதோ அதற்கு மறுபடி ஊசி. கெசட்டின் விளிம்பைப் பென்சில் அழிக்கிற றப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்குவார். எல்லாம் முடிய இரண்டு நாள், சில வேளை மூன்று நாள். கொண்டுபோனவர்கள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

ஒரு பின்னேரம், மாமாவின் மகனே ஒரு டீவீ கேமைக் கட்டிப்பிடித்துக்கொண்டு எங்கள் கேற்றடியில் வந்து நின்றான்.

சவூதியிலிருந்த, தாயோடு பிறந்த மூத்த மாமன் கொண்டுவந்து கொடுத்ததாம். பழுதாகிவிட்டது. பசாரில் கேட்ட இடமெல்லாம் எங்கள் வீட்டைத்தான் காட்டியிருக்கிறார்கள். மாமனாருக்கும் வேறு வழியில்லை. கடைக்காரனிடம் போவதுபோல் போய்ச் செய்துகொண்டு வரட்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார். கூட வந்த இளைய மாமன் சைக்கிளை விட்டு இறங்கவேயில்லை.

"செஞ்சி முடிச்சாக் கையோட வாங்கிட்டு வரட்டாம். நான் பசாருக்குப் போய்ட்டு வந்து புள்ளையக் கூட்டிட்டுப் போறன்."

மாமா எழுந்து நின்றார். கையிலிருந்த குறட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"வாங்க மகன்."

"படம் வருதில்ல வாப்பா. கோடு கோடா வருது."

எட்டு ஒன்பது வயதிருக்கும். மெலிந்த கழுத்து, மாமாவின் அதே தடித்த புருவம். மாமா பெட்டியைத் திறந்து ஆணிகளைப் பீரிசில் போட்டார். ஆனால் அன்றைக்கு அவர் பெட்டியை உற்றுப் பார்க்கவில்லை. மகனைத்தான் பார்த்தார். ஊசியால் ஒரு ஓரத்தில் நாலைந்து பற்களை நெம்பிவிட்டு, வாயைக் கழற்றாமலே, ஸ்பிரிட்டைத் தொடாமலே பெட்டியை மூடினார். நான் உள்வாசலில் நின்று வாய் பிளந்து பார்த்தேன். இரண்டு நாள் வேலை, ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"இனிச் சோதிச்சிப் பாக்கணும் மகன்."

சோதனை பொழுது சாய்ந்து மஃரிப் வரை நடந்தது. எங்கள் வீட்டு ஹோலில் டீவீக்கு முன்னால் வாப்பாவும் மகனும் ஆளுக்கொரு ஜொய்ஸ்டிக்கோடு பாயில் உட்கார்ந்தார்கள். பெட்டியின் வயிற்றை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்த மாமாவுக்கு விளையாடக் கொஞ்சமும் தெரியாது. குழியைக் கண்டால் நேரே போய் விழுந்தார். "பாய்ங்க வாப்பா, பாய்ங்க!" என்று மகன் கத்துவான். மாமா ஜொய்ஸ்டிக்கையும் தூக்கிக்கொண்டு உடம்பாலேயே பாய்வார். விழுந்த பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பு அடுக்களை வரை கேட்டது. உம்மா ரொட்டி சுட்டுக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். மாமா அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னால் கேட்டதேயில்லை.

பத்துப் பதினைந்து நாளில் பெட்டி திரும்பி வந்தது. ஓரத்தில் நெம்பிய பற்கள் நின்றன, மற்றப் பக்கம் சாய்ந்துவிட்டது. மாமா இந்த முறை மற்றப் பக்கம் நாலைந்து பற்களை நெம்பினார். பிறகு சோதனை. அடுத்த முறை நடுவில். ஒருமுறை சோதனைக்கு நடுவில் கரண்ட் வெட்டிவிட்டது. இளைய மாமன் வந்து, "முடிஞ்சிதா?" என்றான். "கரண்ட் வந்து பாக்காம எப்புடித் தாற?" என்று மாமா கேட்டார். கரண்ட் இரவு இஷாத் தொழுகை வரைக்கும் வரவில்லை. மின்சாரசபையை ஊர் முழுக்கத் திட்டிய அந்த இரவில் எங்கள் விறாந்தையில் மட்டும் ஒருவர் அதற்குத் துஆக் கேட்டிருப்பார். மகன் அவர் மடியில் தலை வைத்து, பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சொல்லி, அப்படியே தூங்கிப்போனான்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"மாமா, பாண்டிருப்பு மாஸ்டர்ட சாமானை மூணு நாள் வெச்சிரிந்து செஞ்சி குடுக்கிறீங்க. ஒங்கட மகன்டதை மட்டும் என்ன, இப்புடி அரைகுறையா?"

மாமா கையிலிருந்த ஊசியை ரேடியோவுக்குப் பின்னால் இருந்த சவர்க்காரத் துண்டில் குத்தினார்.

"முழுசாச் செஞ்சா அவன் என்னத்துக்குப் புள்ள இஞ்ச வாறான்?"

வாய் நீளக்காரிக்கு அன்றைக்குத்தான் வாயடைத்தது. உம்மா உள்ளே இருந்து, "ஒனக்குப் படிக்கிறதுக்கு ஒண்டுமில்லயா?" என்று சத்தம் போட்டாள். அவளுக்கு முதல் நாளே விளங்கியிருந்தது என்று பிறகு தெரிந்தது.

எத்தனை தடவை அப்படி வந்தான் என்று நான் எண்ணவில்லை. தென்மேல் காற்றுக் காலம் முழுக்க வந்தான். மாமாவின் தாடி ஒழுங்காகக் கத்தரிக்கப்பட்டது. பெட்டி எப்போது வரும் என்று அவருக்கே ஒரு கணக்கு இருந்தது. அந்த நாள் நெருங்கினால் பசாரிலிருந்து பிஸ்கட் வாங்கி வந்து வைப்பார். மகனுக்கு இடியப்பத்தைவிட ரொட்டிதான் விருப்பம் என்று உம்மாவிடம் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வார்.

பிறகு ஒருநாள் மகன் பெட்டியோடு வந்தபோது அவன் கீழ் உதடு வெடித்து வீங்கியிருந்தது. விளையாட வந்த வகுப்புப் பையன்களுக்கு முன்னால் படம் போயிருக்கிறது. "ஒன்ட வாப்பாக்கு வேலை தெரியாதாம், எங்கட வீட்டுல சொன்னாங்க" என்று ஒருவன் சொல்ல, மகன் அவனை அடித்திருக்கிறான். அவன் திருப்பி அடித்திருக்கிறான். இளைய மாமன் இந்த முறை சைக்கிளை விட்டு இறங்கினான்.

"எங்கட வாப்பா சொல்லிட்டார் மச்சான். இனி ஒருக்காப் பழுதெண்டா இதைத் தூக்கிக் கடல்ல போடுவாராம். புள்ளையும் சண்டைக்காரனாப் போறான்."

மச்சான் என்று அவன் கூப்பிட்டதைக்கூட மாமா கவனிக்கவில்லை. மகனுக்கு முன்னால் குந்தி அவன் உதட்டைப் பார்த்தார்.

"நோகுதா மகன்?"

"இல்ல." பிறகு, தலையைக் குனிந்துகொண்டு, "வாப்பா, ஒங்களுக்கு நல்லாச் செய்யத் தெரியுந்தானே? நல்லாச் செஞ்சி தாங்க. நான் அவனுக்குக் காட்டணும்" என்றான்.

மாமா அவன் தலையில் கையை வைத்தார்.

"தெரியும் மகன். வெச்சிட்டுப் போங்க."

அந்தப் பெட்டியைப்போல வேறெந்தப் பெட்டியிலும் அவர் வேலை செய்து நான் பார்த்ததில்லை. வாயைக் கழற்றினார். தேய்ந்த பற்களை ஒவ்வொன்றாக உருவியெடுத்து, உடைந்துபோன வேறு இரண்டு பெட்டிகளிலிருந்து நல்ல பற்களாகத் தெரிந்து அவற்றின் இடத்தில் இறக்கினார். பலகையில் வெடித்திருந்த ஈயம் முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தார். கடதாசியை விட்டு விட்டு இழுத்தார். மகனின் கெசட்டுகளையும் உட்கார்ந்து தேய்த்தார். நாலாம் நாள் எல்லாம் முடிந்தது, மூடியும் பொருத்தியாகிவிட்டது. கடைசி ஆணி ஒன்றுதான் பாக்கி. அந்த ஆணியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு மத்தியான ளுஹரிலிருந்து பின்னேர அஸர் வரை கதிரையில் இருந்தார். நான் இரண்டு தடவை தேத்தண்ணி வைத்தேன், இரண்டும் ஆறிப்போயின. அஸருக்குப் பாங்கு சொன்ன பிறகு ஆணியை இறுக்கிவிட்டு எழுந்து பள்ளிக்குப் போனார்.

எடுத்துப்போக வந்தபோது இளைய மாமன் கேற்றடியிலேயே நின்றான். பெட்டி தயாராக இருந்ததே, பசாருக்குப் போய் வரத் தேவையில்லை. டீவீயில் போட்டவுடன் படம் கண்ணாடிபோல் வந்தது. சோதிக்க ஒன்றுமில்லை. மாமா பெட்டியைத் துணியால் துடைத்து மகன் கையில் கொடுத்தார்.

"இனிப் பழுதாகாதா வாப்பா?"

"ஆகாது மகன்."

மகனின் முகம் அப்போது மலர்ந்ததா வாடியதா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. சைக்கிளின் முன் பாரில் ஏறி உட்கார்ந்து, முடக்கில் திரும்பும்வரை எங்களையே பார்த்துக்கொண்டு போனான்.

பிறகு வரவில்லை. சைக்கிள் மணி கேட்டால் மாமா தலையை நிமிர்த்துவார். பாண்காரனின் மணி, மீன்காரனின் மணி, எல்லாவற்றுக்கும் நிமிர்வார். பிஸ்கட் நமத்துப்போய் நாங்கள் தின்றோம். மழைக்காலம் வந்தது, போனது. ஊரில் மற்ற எல்லார் டீவீ கேமும் பழுதாகி அவரிடம் வந்தது. அவற்றை முன்போல முழுதாகத்தான் செய்தார், ஆனால் எதையும் உற்றுப் பார்க்கவில்லை. ஒருநாள் நான் ஆத்திரத்தில், "ஏன் மாமா அப்புடிச் செஞ்சீங்க? ஒரு பல்லையாவது உட்டிரிக்கலாமே" என்றேன். "புள்ள கேட்டதே" என்றார். எனக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் அவருக்காக அழ எனக்கு உரிமை இருக்கிறதென்று அன்றைக்குத்தான் தோன்றியது.

அடுத்த வருடம் எனக்கு மாப்பிள்ளை பேசத் தொடங்கினார்கள். வெளியாள் ஒருவன் வந்து இருக்கப் போகிற வீட்டில், விறாந்தையில் பாய் போட்டுக் கிடப்பது சரியில்லை என்று மாமாவே முடிவெடுத்தார். யாரும் சொல்லவில்லை. என் வாப்பா, "ஒனக்கென்ன பைத்தியமா மச்சான்?" என்று தடுத்தும் பார்த்தார். சவூதியில் ஏதோ கம்பனியில் எலக்ட்ரீசியன் வேலை. போவதற்கு முதல் மகனிடம் சொல்லச் சொல்லி மாமனார் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். அவர்கள் கேற்றடிக்கு வந்து சலாம் சொல்லிவிட்டுப் போகட்டுமா என்றும் கேட்டுவிட்டார். பதில் வரவில்லை. மேசையைச் சுத்தம் செய்து, யாருடைய சாமானும் மிச்சமில்லாமல் கொடுத்துவிட்டு, ஒரு விடியற்காலை கொழும்பு பஸ்ஸில் ஏறினார். அந்த வெறும் மேசையைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் எனக்கு மனம் அவரைத் தேடியது. கண்டால் சண்டை பிடிக்கிற ஆளைத் தேடும் என்று நான் நினைத்திருக்கவேயில்லை.

அவர் போய் இரண்டாவது கிழமை மகன் வந்தான்.

இளைய மாமன் கேற்றடியில் இறக்கிவிட்டு, "திரும்பவும் பழுதாம். மூத்தாப்பாக்குத் தெரியாமக் கொண்டு வந்திரிக்கன்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனான். மகன் பெட்டியோடு விறாந்தைக்கு ஏறி, வெறும் மேசையைப் பார்த்தான். சுவரோரம் பாயைத் தேடினான்.

"வாப்பா எங்க மாமி?" என்று உம்மாவைக் கேட்டான்.

மாமனார் யாரிடமும் சொல்லாததால், போன செய்தி அவன் காதுக்கும் இளைய மாமன் காதுக்கும் போகவேயில்லை. உம்மா எப்படிச் சொல்வதென்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியை வாங்கிக்கொண்டேன்.

"வாப்பா சவூதிக்கிப் போய்ட்டார்டா. என்ன பழுது இதுல?"

அவன் ஒன்றும் கேட்காதவன்போல நின்றான். பிறகு, "படம் வருதில்ல மச்சி" என்றான்; மாமி மகள் என்பதால் நான் அவனுக்கு மச்சி.

ஹோலில் கொண்டுபோய் டீவீயில் பூட்டினேன். கெசட்டைப் போட்டேன். படம் வந்தது. ஒரு கோடில்லை, ஒரு மின்னலில்லை. வேறொரு கெசட்டைப் போட்டேன். அதுவும் வந்தது.

"நல்லா இரிக்கிதேடா."

அப்போதுதான் அவன் உடைந்தான். கீழே உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான்.

"பழுதாகுதே இல்ல மச்சி. ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் உட்டு வந்து கெசட்டைப் போட்டுப் போட்டுக் கழட்டுறன். விளையாடுறதே இல்ல, போட்டுக் கழட்டுறதுதான். போட்டுக் கழட்டினாத் தேயும்தானே? கை நோகிற வரைக்கும் செஞ்சி பாத்துட்டன். தேயுதே இல்ல."

உம்மா அவனை வாரி மடியில் வைத்துக்கொண்டாள். அழுகை அடங்கும்வரை முதுகைத் தடவினாள். நான் டீவீயை நிறுத்தினேன். அந்தப் படத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"வெள்ளிக்கிழமை வாப்பா கோல் எடுப்பார் மகன். நீங்க வந்தீங்கெண்டு சொல்றன். வேற என்ன சொல்லட்டும்?"

அவன் சட்டையின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நன்றாக யோசித்தான்.

"பழுதாப் போச்செண்டு சொல்லுங்க மாமி."

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு மாமா பசாரில் இருந்த கொமினிகேஷன் கடையின் போனுக்குக் கோல் எடுப்பார். உம்மாவும் நானும் போய்க் காத்திருந்தோம். கடையின் கண்ணாடிக் கூண்டுக்குள் எல்லாரும் கத்தித்தான் கதைப்பார்கள், உம்மாவும் கத்தினாள். வெளியே நின்ற எனக்கும், எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களுக்கும் எல்லாம் கேட்டது. சுகம் விசாரித்தாள். சோறு கிடைக்கிறதா, வெயில் எப்படி என்று கேட்டாள். பிறகு சொன்னாள்.

"தம்பி, மகன்ட டீவீ கேம் பழுதாப் போச்சி."

"அது பழுதாகாதே ராத்தா."

நான் அதற்குள் கதவைத் தள்ளி உம்மாவோடு ஒட்டி நின்றேன், ரிசீவரில் அவர் குரல் எனக்குக்கூடக் கேட்டது.

"பழுதாப் போச்சாம். அவன்தான் வந்து சொன்னான். ஒன்ட மேசைக்கிப் பக்கத்துல நிண்டு சொன்னான். ஒன்கிட்டச் சொல்லச் சொன்னான்."

கோல் அறுந்துவிட்டதென்று நினைத்து உம்மா "ஹலோ, ஹலோ" என்று கத்தினாள். கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்கு அறுந்ததாகத் தோன்றவில்லை. யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்துகொண்டிருந்தது.

"சரி ராத்தா," என்றார் மாமா கடைசியில். "வேற ஆரும் அதைத் திறக்க வேணாமெண்டு சொல்லுங்க. நான் வந்து பாக்கிறன்."